பழைய காம்பாக்ட் பிக்கப் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிக்கப் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். எஞ்சின் கெட்டால் இறக்கிப் பிரித்துச் செய்யலாம், வேறொன்று மாட்டலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸ் போனால் வண்டியே போயிற்று. அதனால் இந்தப் பக்கம் முதலில் சேஸ், பிறகு எஞ்சின் என்ற வரிசையில்தான் போகிறது.

காம்பாக்ட் பிக்கப் என்று எந்த வண்டிகளைச் சொல்கிறீர்கள்?

ஏணி போன்ற ஒரு சேஸ், அதன் மேல் தனியாக ஒரு கேபின், பின்னால் சுமை ஏற்றத் தனியாக ஒரு தொட்டி. அரை டன்னிலிருந்து ஒரு டன் வரை சுமக்கும் சின்ன வண்டிகள். டொயோட்டா ஹைலக்ஸ் 1968-இல் வந்தது. வட அமெரிக்காவில் 1995 முதல் அந்த இடத்தை டகோமா எடுத்துக்கொண்டது. ஃபோர்டு ரேஞ்சரின் பழைய வட அமெரிக்க வடிவம் 1983 மாடலில் தொடங்கி 2011 வரை ஓடியது. செவர்லே எஸ்-10, 1982 முதல் 2004 வரை. இவற்றோடு நிசான், இசுஸு, மிட்சுபிஷி எல்200 எல்லாம் சேரும். வட அமெரிக்காவில் 1994 முதல் விற்ற மஸ்டா பி சீரிஸ், தோலை உரித்தால் ரேஞ்சரேதான். உதிரி பாகம் தேடும்போது இது ஞாபகம் இருந்தால் நல்லது.

இன்று அதே பெயர்களில் வரும் வண்டிகள் ஒரு சுற்று பெருத்துவிட்டன. பழைய சின்ன வண்டியை ஆட்கள் இன்னும் தேடி அலைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வண்டியைப் பார்க்கப் போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

கீழே படுத்துப் பாருங்கள். கதவைத் திறந்து சீட்டில் உட்காரும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். சீட்டில் உட்கார்ந்துவிட்டால் மனசு வண்டியை வாங்கிவிடும், அப்புறம் கண் எதையும் பார்க்காது.

ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல், பழைய பாய் அல்லது அட்டை போதும். வெறும் ஜாக் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் மட்டும் போகாதீர்கள். பிக்கப் உயரமான வண்டி. சக்கரம் தரையில் இருக்கும்போதே பெரும்பாலும் எல்லாம் தெரியும்.

சேஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் முன்னிருந்து பின்வரை தொடர்ந்து பாருங்கள். துரு பிடிக்கும் இடங்கள் ஏறத்தாழ எல்லா வண்டிகளிலும் ஒன்றுதான்: பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், கமான் பட்டை (பின்பக்கச் சுமையைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டை அடுக்கு) மாட்டியிருக்கும் பிராக்கெட்டும் ஷேக்கிளும், கேபின் முடிந்து தொட்டி தொடங்கும் இடம், டீசல் அல்லது பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் கை போகாத பகுதி, ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம். பெட்டி போல நாலு பக்கமும் மூடிய சட்டமாக இருந்தால் சேறு உள்ளே போய்த் தங்கி, ஈரம் பிடித்து, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பெயின்ட் இருக்கும், உள்ளே இரும்பு இருக்காது.

விற்பவரிடம் சொல்லிவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நான் ஒரு முறை பார்த்த வண்டியின் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. முன்பகுதியில் தட்டியபோது ‘டங், டங்’ என்று வந்த சத்தம், பின் அச்சுக்கு மேலே போனதும் ‘தொப்’ என்று மாறியது. அதே இடத்தில் இன்னொரு தட்டு. சுத்தியலின் மூக்கு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்தபோது காய்ந்த சேறும் செதில் செதிலாகத் துருவும் என் முகத்தில் கொட்டின. “அது ஒரு சின்ன வெல்டிங் வேலைதான்” என்றார் விற்பவர். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

துரு எவ்வளவு வரை பரவாயில்லை?

மேலோட்டமான பழுப்புத் துரு எல்லாப் பழைய வண்டியிலும் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கீழே கெட்டியான இரும்பு தெரிந்தால் சரி. ஏடு ஏடாகப் பெயர்ந்து வருவது அடுத்த கட்டம். அங்கே தடிமன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை என்றால், அதுவும் கமான் பட்டை பிராக்கெட் அருகில் என்றால், நான் அந்த வண்டியைத் தொடமாட்டேன்.

நல்ல பெயர் எடுத்த வண்டி என்பதால் சேஸ் தப்பிவிடாது. எஞ்சினுக்குப் பேர்போன டொயோட்டாவே 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் சேஸ் துருவுக்காக 2008-இல் உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்ட வேண்டி வந்தது. சில வண்டிகளை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்டது. டகோமா பார்க்கிறீர்கள் என்றால் சேஸ் மாற்றப்பட்ட வண்டியா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் அது குறையில்லை, லாபம்தான்.

கதவுக்கு அடியில் உள்ள தகடு, சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, கேபினின் பின் மூலைகள், இவற்றில் துரு இருந்தால் அது டிங்கரிங் வேலை. செலவு உண்டு, ஆபத்து குறைவு.

அடியில் புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். நல்லதுதானே?

வாங்கிய நாளிலிருந்து வருஷா வருஷம் அடித்தால் நல்லது. விற்பதற்கு முந்தின வாரம் அடித்தால் சந்தேகம். நட்டு, பிரேக் குழாய், ரப்பர் புஷ், சைலன்சர் என்று எதையும் விடாமல் எல்லாவற்றின் மேலும் கறுப்பு தெறித்திருந்தால் அவசரத்தில் அடித்தது. சுத்தியல் அங்கே இன்னும் அவசியம்.

முந்தைய ஆள் அதிகச் சுமை ஏற்றினாரா என்று எப்படித் தெரியும்?

வண்டி மறைக்காது, தேடத்தான் வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். காலியாக நிற்கும் பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல இருப்பதுதான் இயல்பு. பின்பக்கம் உட்கார்ந்திருந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ கமான் பட்டை களைத்துவிட்டது. அருகில் போய்ப் பட்டைகளைப் பாருங்கள். மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டியது நேராகிவிட்டதா, பட்டையில் விரிசல் இருக்கிறதா, நடுவில் புதுசாக ஒரு பட்டை சேர்த்திருக்கிறார்களா. சேர்த்திருந்தால் இவ்வளவு நாள் அந்த வண்டி என்ன வேலை பார்த்தது என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

அச்சுக்கு மேலே சேஸில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். பட்டை முழுக்க அமுங்கும்போது அச்சு வந்து அதில் இடிக்கும். அந்த ரப்பர் நசுங்கியோ காணாமலோ போயிருந்தால், அதற்கு நேர் கீழே அச்சில் இரும்பு தேய்ந்து பளபளத்தால், பல நாள் இடித்திருக்கிறது.

அடுத்தது கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. இரண்டும் தனித்தனியாகச் சேஸில் போல்ட் போட்டு நிற்பவை. அதனால் சேஸ் வளைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த இடைவெளிதான். மேலே விரல் நுழைகிறது, கீழே நுழையவில்லை என்றால் யோசியுங்கள். கேபினைத் தாங்கும் ரப்பர்கள் நைந்தாலும் இப்படி ஆகும். அது சின்ன வேலை. எது காரணம் என்று கீழே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் இருந்தால் ஒரு மூலையையாவது தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். லைனர் தொட்டியைக் காப்பாற்றுவதாக நினைக்கிறோம். அடியில் மணலும் தண்ணீரும் தங்கி, வண்டி குலுங்கும்போதெல்லாம் பெயின்ட்டைத் தேய்த்து எடுப்பதும் அதேதான். அடிவாங்கிச் சொட்டை விழுந்த வெறும் தொட்டியை நான் லைனர் போட்ட தொட்டியைவிட அதிகம் நம்புவேன். மறைக்க அதில் ஒன்றுமில்லை.

சரி, எஞ்சினை எப்படிப் பார்ப்பது?

குளிர்ந்த எஞ்சினாகப் பாருங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் போனெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். “சும்மா நகர்த்தி நிறுத்தினேன்” என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டியை மறைக்க அதைவிட எளிய வழி கிடையாது. நான் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால் போவேன்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் அளவு காட்டும் கம்பியை, டிப் ஸ்டிக்கை, இழுத்துப் பாருங்கள். கறுப்பு ஆயில் குற்றமில்லை, டீசலில் அது எப்போதும் கறுப்புதான். அளவு குறைவாக இருந்தால் கவனிப்பு போதாது. ஆயில் மூடியைக் கழற்றி அதன் அடியைப் பாருங்கள். பால் கலந்தது போல வெளிறிய பசை இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குளிர் காலத்தில் சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓடும் வண்டியில் மூடியடியில் கொஞ்சம் இப்படி வரும். அதே பால் நிறம் டிப் ஸ்டிக்கிலும் இருந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) அல்லது அதைவிடப் பெரிய விஷயம். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். உள்ளே தண்ணீர் துருநிறத்தில் இருந்தால் கூலன்ட் போட்டு வளர்க்காத வண்டி.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் வண்டிக்குப் பின்னால் நில்லுங்கள். முதலில் வரும் வெள்ளை ஆவி சீக்கிரம் மறைந்தால் அது வெறும் ஈரம். எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக வந்துகொண்டே இருந்து, ஒரு இனிப்பு வாசமும் அடித்தால் கூலன்ட் எரிகிறது. நீலப் புகை என்றால் ஆயில். ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் ஒரு குப்பென்று வந்து நின்றால் வால்வு சீல், ஆக்ஸிலேட்டர் அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகம் போகும். கறுப்பு, எரிபொருள் அதிகம். டீசலாக இருந்தால் ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜெக்டர் வரை பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் தளர்த்தி மேலே வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளிக் குதித்துப் புகையும் வந்தால் உள்ளே தேய்மானம் அதிகம்.

பதினைந்து நிமிஷமாவது நின்ற இடத்தில் ஓடட்டும். டெம்பரேச்சர் முள் நடுவில் வந்து நிற்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷம் விற்பவரோடு பேச நல்ல நேரமும்கூட.

டைமிங் பெல்ட், டைமிங் செயின் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

எஞ்சினுக்குள் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தப்பாமல் இயக்குவது இந்த பெல்ட் அல்லது செயின்தான். பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு, அது கிலோமீட்டரிலும் வருஷத்திலும் முடியும். அறுந்தால் சில எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து எஞ்சினே காலி. சிலவற்றில் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பழைய ரேஞ்சரின் 2.3 லிட்டர் லிமா எஞ்சின் இந்த இரண்டாம் வகை. பெல்ட் அறுந்தாலும் வால்வு பிழைத்துக்கொள்ளும். பார்க்கும் வண்டி எந்த வகை என்று முன்பே தெரிந்துகொண்டு போங்கள். “பெல்ட் மாத்தியாச்சு” என்றால் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு.

செயின் என்றால் கவலையில்லை என்பது பாதிதான் உண்மை. டொயோட்டாவின் புகழ்பெற்ற 22ஆர், 22ஆர்இ எஞ்சின்களில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஒற்றை வரிசைச் செயினும் அதை விலகாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் கைடும் இருக்கும். கைடு உடைந்தால் செயின் தளர்ந்து முன்பக்கக் கவரை உரசும். விடாமல் ஓட்டினால் கவரைத் தேய்த்துக் கூலன்ட் ஓடும் பாதைவரை போய், கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கமிருந்து ‘கரகர’ என்று ஒரு சத்தம் வருகிறதா கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினைப் பார்க்கச் சொன்னது இதற்கும்தான். ரேஞ்சரின் 4.0 லிட்டர் எஸ்ஓஎச்சி எஞ்சினில் ஒரு செயின் எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது. அதை மாற்ற எஞ்சினையோ கியர் பாக்ஸையோ இறக்க வேண்டும். அந்த எஞ்சினில் செயின் சத்தம் கேட்டால் பேரம் பேசாதீர்கள், கிளம்புங்கள்.

மூன்று லட்சம் கி.மீ. ஓடிய வண்டியை வாங்கலாமா?

வாங்கலாம். நெடுஞ்சாலையில் காலியாக ஓடிய மூன்று லட்சம், சரளைக்கல் சுமந்து முதல் கியரில் ஏறிய ஒரு லட்சத்தைவிட நல்லது.

அந்த எண்ணையே முழுதாக நம்பவும் வேண்டாம். 1980களின் பல வண்டிகளில் ஓடோமீட்டர் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டியதும் மறுபடி பூஜ்யம். 62,000 என்று காட்டினால் அது ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரமாகவும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். சீட்டின் வெளி ஓரம், ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம், கியர் குமிழ், இவை பொய் சொல்லாது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கிளட்சும் கியரும் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

மேல் கியரில் ஐம்பது கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. ஒவ்வொரு கியராகக் கீழிறக்கிப் பாருங்கள், குறிப்பாக மூன்றிலிருந்து இரண்டுக்கு. கறகறவென்று சத்தம் வந்தால் கியர்களை உரசாமல் சேர்க்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து எடுத்து ஓட்டும்போது கியர் தானாக வெளியே துள்ளினால் கியர் பாக்ஸைத் திறக்க வேண்டியிருக்கும்.

கிளட்ச் பெடல் மெதுவாகக் கீழே அமுங்கிக்கொண்டே போனால் ஹைட்ராலிக் கசிவு. பழைய ரேஞ்சர் போன்ற வண்டிகளில், பெடலின் அழுத்தத்தை வாங்கி கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸ் ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கிறது. சின்னப் பாகம்தான், மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ஆயிலைப் பாருங்கள்; சிவப்பாக, கருகிய வாசம் இல்லாமல் இருக்க வேண்டும். 2005 முதல் 2010 வரையிலான நிசான் ஃபிரான்டியரில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் கசிந்து, கூலன்ட் கியர் பாக்ஸுக்குள் போவது ஊரறிந்த குறை. கூலன்ட் டப்பாவில் ரோஜா நிறப் பால் மாதிரி எதையாவது பார்த்தால் விலகிவிடுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மண் தரையிலோ சரளையிலோ போட்டுப் பாருங்கள். இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் பார்ட் டைம் வகைதான். முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால் இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு திணறும், எடுக்கவும் வராது. ஹை, லோ இரண்டிலும் விழுகிறதா, டேஷில் விளக்கு எரிவதோடு நிற்காமல் முன் சக்கரம் உண்மையிலேயே இழுக்கிறதா என்று வெளியே ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள். முன் சக்கரங்களின் நடுவில் கையால் திருப்பும் ஹப் இருந்தால் இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள். வருஷக்கணக்கில் தொடாத ஹப் இறுகிப்போய் இருக்கும்.

எனக்கு ஃபோர் வீல் டிரைவ் தேவையா?

சேறு, மணல், பனி, ஏற்றம் இவற்றில் ஏதாவது வாரம் ஒரு முறையாவது வந்தால் தேவை. இல்லையென்றால் கூடுதல் எடை, கூடுதல் எரிபொருள், கசிவதற்கு இன்னும் நாலு சீல். ஒரே காசுக்கு நல்ல டூ வீல் டிரைவும் சுமாரான ஃபோர் வீல் டிரைவும் நின்றால் நான் முதலாவதை எடுப்பேன்.

ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டயரில் என்ன பார்க்க வேண்டும்?

டயரைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அல்லது பால் ஜாயின்ட், புஷ் தேய்மானம். 1997 வரையிலான ரேஞ்சரில் ட்வின் ஐ-பீம் என்ற முன் அச்சு இருக்கும். கெட்டியானது, ஆனால் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது சக்கரத்தின் சாய்வும் மாறும். அதனால் டயர் ஓரம் சாப்பிடும். 1998-இல்தான் அதை மாற்றினார்கள்.

டயர் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி உண்டு. 2000-க்குப் பிந்தையதில் நாலு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3512 என்றால் 2012-இன் 35-ஆவது வாரம். பட்டன் (தரையில் படும் ரப்பர் வரிகள்) நன்றாக இருக்கிறதே என்று பத்து வருஷ டயரை ஏற்காதீர்கள். பிக்கப் அதிகம் நிற்கும் வண்டி. டயர் தேய்வதற்கு முன் கிழடாகிவிடும்.

ஓட்டும்போது ஸ்டீயரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டிப் பாருங்கள். பழைய பாக்ஸ் வகையில் கொஞ்சம் பிளே இயல்பு. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் என்றால் காரணம் தேட வேண்டும்.

பிரேக்?

பின்னால் டிரம் இருக்கும். ஹேண்ட் பிரேக்கை ஏற்றத்தில் இழுத்து நிறுத்திப் பாருங்கள். அடியில் பிரேக் குழாய்கள் துருவேறிப் புடைத்திருக்கின்றனவா பாருங்கள், இது சேஸுக்கு அடுத்தபடி எனக்கு முக்கியம்.

ஹைலக்ஸ் போன்றவற்றில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே வால்வுக்குப் போகும். சுமைக்கு ஏற்றபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. வண்டியை உயர்த்திக் கட்டியவர்கள் பலரும் இதைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தப்பு.

பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறது என்றாலும் எத்தனை சக்கரத்துக்கு என்று கேளுங்கள். 1990 வாக்கில் வந்த பல பிக்கப்களில் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். திடீரென்று மிதித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டீயரிங் கேட்காது.

பழைய பிக்கப் பாதுகாப்பானதா?

இன்றைய வண்டியோடு ஒப்பிட்டால் இல்லை. காலித் தொட்டி, பின் சக்கர இழுவை, மழை: பின்பக்கம் வழுக்க இந்த மூன்றும் போதும். அதைத் தானாகச் சமாளிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அமெரிக்காவிலேயே 2012 மாடலிலிருந்துதான் எல்லாச் சின்ன வண்டிகளுக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தைய பிக்கப்பில் அது இருந்தால் அதிர்ஷ்டம்.

ஏர் பேக் இருக்கும் வண்டி என்றால் தகாடா நிறுவனத்து ஏர் பேக்குகளுக்கான ரீகாலை (குறையுள்ள பாகத்தை மாற்ற வண்டியைத் திரும்ப அழைப்பது) கண்டிப்பாகப் பாருங்கள். ஈரமும் வெப்பமும் பட்டுப் பழசான அந்த நிறுவனத்து இன்ஃப்ளேட்டர்கள் (ஏர் பேக்கை ஊதவைக்கும் பாகம்) வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை வீசுகின்றன. 2006 ரேஞ்சர்கள் சிலவற்றின் உரிமையாளர்களிடம், 2018 ஜனவரியில் ஃபோர்டு வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று சொன்னது. சேஸ் எண்ணைக் கொடுத்தால் ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். மாற்றுவதற்குக் காசு வாங்கமாட்டார்கள்.

சேஸ் எண்ணிலிருந்து என்ன தெரியும்?

1981 முதல் 17 இலக்கம். ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழப்பம் வரும் என்பதால். அந்த எழுத்து எங்காவது இருந்தால் யாரோ படித்ததில் தப்பு, அல்லது எண்ணிலேயே தப்பு. வட அமெரிக்க வண்டிகளில் பத்தாவது இலக்கம் மாடல் வருஷம். டேஷ், கதவுத் தூண், சேஸ் சட்டம், ஆவணம், எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். சேஸில் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டர் தடமோ புதுப் பெயின்ட்டோ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் போதாதா?

ஸ்கேனரை மாட்டி எஞ்சின் பிழைகளைப் படிக்க உதவும் ஓபிடி-2 அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோலுக்கு 2001, டீசலுக்கு 2004. அதற்கு முந்தைய வண்டியில் பெரும்பாலும் காதும் மூக்கும்தான் ஸ்கேனர். பிந்தையதில் சின்ன புளூடூத் கருவியே போதும். பிழைக் குறியீடு இல்லை என்றதும் சந்தோஷப்படாமல் வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ‘ரெடினஸ்’ பக்கத்தையும் பாருங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

“ஏசிக்கு காஸ் மட்டும் போட்டால் போதும்” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

காஸ் மட்டும் போட்டால் போதும் என்றால் அவரே போட்டிருப்பார்.

உயரம் கூட்டி, பெரிய டயர் போட்ட வண்டி?

யார், எப்படிச் செய்தார்கள் என்று தெரியாத வரை வேண்டாம். பெரிய டயர், ஸ்பீடோமீட்டரையும் ஓடோமீட்டரையும் குறைத்துக் காட்டும். பிரேக், பேரிங், பால் ஜாயின்ட் எல்லாவற்றுக்கும் வேலை கூடும். பின் அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, அதன் மூட்டான கிராஸ் சீக்கிரம் போகும். எடுக்கும்போதும் விடும்போதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் அதுதான்.

விலையை எப்படிப் பேசுவது?

குறைகளைச் சொல்லி வண்டியைத் திட்டாதீர்கள். பத்து வருஷம் ஓட்டியவருக்கு அது வீட்டு ஆள் மாதிரி. பார்த்ததை ஒரு தாளில் எழுதுங்கள்: டயர் நாலு, பெல்ட், பின் பட்டை புஷ், பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் உதிரி விலையும் கூலியும் போட்டு, அந்தத் தாளை அவரிடமே கொடுங்கள். நான் பார்த்தவரை தாளுக்கு இறங்கும் அளவு வாய்க்கு யாரும் இறங்குவதில்லை.

வாங்கியாகிவிட்டது. முதல் நாள் என்ன செய்வது?

எஞ்சின் ஆயில், கியர் ஆயில், அச்சில் உள்ள கிரவுன் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழையவர் எப்போது மாற்றினார் என்ற கதையே வேண்டாம். கிரீஸ் நிப்பிள் இருக்கும் இடமெல்லாம் கிரீஸ் அடியுங்கள்.

அப்புறம் ஸ்டெப்னியை இறக்கிப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் செயினிலோ கேபிளிலோ தொங்கும் அது பல வண்டிகளில் தொழிற்சாலையில் ஏற்றியதோடு சரி, இறங்கியதே இல்லை. அதை இறக்கி ஏற்றும் வின்ச் துருப்பிடித்து இறுகியிருக்கும். அதை நடுவழியில், இருட்டில், பஞ்சரோடு கண்டுபிடிப்பதைவிட வீட்டு வாசலில் வெளிச்சத்தில் கண்டுபிடிப்பது நல்லது. முதல் நாள் ராத்திரியே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். காலையில் கைப்பிடி திரும்பும், பெரும்பாலும்.